ஊசியின் ஜோடி

நாய் தன்னைப் பார்க்கவில்லை என்பதை அவள் முதல் நாளே கவனித்துவிட்டாள்.

பூட்டைத் திறந்து, பையை முன்னறையில் போட்டுவிட்டு, அண்ணன் வீட்டு அடுப்படி எந்த நிலையில் இருக்கிறதோ என்று உள்ளே நடந்து, பாதி வழியில் ஏதோ உறுத்தத் திரும்பியபோது அது வாசற்படியில் நின்றிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. காய்ந்த புல்லின் நிறம். உயரம் அவள் தொடைக்கு இருக்கும். கால்கள் நீளமாக, எடையே இல்லாததுபோல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. முகம் அவளை நோக்கி இருந்தது. கண்கள் அவளை நோக்கி இருந்தன. ஆனால் பார்வை அவளிடம் இல்லை.

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவள் வேலை. இருபது வருடமாக மனிதர்களின் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு பாவைகளும் மூக்கை நோக்கி ஒரு மயிரிழை நெருங்கும். தொலைவில் இருப்பதைப் பார்க்கும்போது விலகிவிடும். எதிரே உட்கார்ந்து "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டுகிறவர் உண்மையில் வேறெங்கோ இருக்கிறார் என்பதை அவள் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். அவள் கணவருக்கு இதில் தீராத மனக்குறை. "உன் எதிர்ல உக்காந்து நிம்மதியா ஒரு கனவுகூட காண முடியல" என்பார்.

நாயின் பாவைகள் விலகி நின்றன. அவளைத் தாண்டி, அவள் தோளுக்கு அப்பால், வீட்டின் நீளம் முழுக்கத் தாண்டி எங்கோ தொலைவில் குவிந்திருந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். நீண்ட நடைவழி. இடப்பக்கம் அடுப்படி, அதற்கு எதிரே நடு அறை, கோடியில் மூடிய பின்னறைக் கதவு. வேறொன்றும் இல்லை.

"நீதான் ஊசியா?" என்றாள்.

அது காதைக்கூட அசைக்கவில்லை.

அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி போன பிறகு இந்த வீட்டில் தனியாக நாய் வளர்த்துக்கொண்டு இருந்தார். போன வாரம் நடையின் கோடியில், பின்னறை வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஒரு இரவும் ஒரு பகலும் கிடந்திருக்கிறார். எதிர்வீட்டு நாய் டாக்டர்தான் கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சளி நெஞ்சில் இறங்கிவிட்டதால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். அதனால் அவள் கடையில் லீவு சொல்லிவிட்டு, மகளைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே தங்க வந்தாள்.

அன்று மாலை வார்டில் அண்ணனைப் பார்த்தபோது அவளுக்குப் பகீர் என்றது. பெரிய ஆகிருதி. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள் இப்போது போர்வை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்போலக் கிடந்தன. பேசினால் மூச்சு வாங்கியது. அவர் கண்கள் மட்டும் ஓயாமல் வார்டு வாசலுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

"எந்த ரூம்ல படுக்கிற?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"முன்னறையிலதான் அண்ணே. கட்டில் இருக்கே."

"சரி." கண்ணை மூடிக்கொண்டார். "அங்கேயே படு."

முதல் இரவு முன்னறையில்தான் படுத்தாள். தூக்கம் வரவில்லை. நாய் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. படுக்கவில்லை, உட்காரவில்லை, நின்றது. தெரு விளக்கின் வெளிச்சத்தில் அதன் விலாக்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. தோல் அவ்வளவு மெல்லியது. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நரம்பு நிதானமாகத் துடிப்பதுகூடத் தெரிந்தது. அது மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. "போ, போய்ப் படு" என்று அதட்டிப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் ஃபேன் இங்கே சரியில்லை, கொசு வேறு என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்குப் போனாள்.

பின்னாலேயே நகங்களின் சத்தம் வந்தது. டிக். டிக். டிக். நடு அறை வாசலில் நின்றது.

நாய்க்குக் காலையில் வைத்த சோறு, முட்டை, வேகவைத்த கறி எல்லாம் தட்டில் அப்படியே இருந்தன. எறும்புகள்கூட வரவில்லை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் குள்ளமாக, உருண்டையாக, வாய் ஓயாமல் பேசுகிறவராக இருந்தார். நாயைக் கண்டதும் சம்பந்தி வீட்டாரைப் பார்த்ததுபோல் முகம் மலர்ந்தது. மண்டியிட்டு அதன் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"பாருங்கம்மா, இந்த மூஞ்சியப் பாருங்க. நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் ஒரே கோடு. நடுவுல பள்ளமே கிடையாது. மத்த நாய்க்கெல்லாம் இந்த இடத்துல ஒரு மேடு இருக்கும். இது காத்தைக் கிழிச்சுட்டுப் போறதுக்குன்னே செதுக்கினது. அதான் உங்க அண்ணன் ஊசின்னு பேர் வச்சாரு."

அவர் கை அதன் மார்புக்கு இறங்கியது. "நெஞ்சு எவ்வளவு ஆழம் பாத்தீங்களா? முழங்கால் வரைக்கும் வருது. உள்ள முழுக்க நுரையீரலும் இதயமும்தான். அப்புறம் வயிறு... வயிறுன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியாது. ரொம்பப் பழைய ஜாதிம்மா. வறண்ட காட்டுல வேட்டைக்குன்னு வளர்த்தது. இப்ப தேடினாலும் கிடைக்காது."

"குரைக்கவே மாட்டேங்குதே டாக்டர்?"

"குரைச்சா முயல் உஷாராயிடுமே!" என்று சிரித்தார். "இது மோப்பம் பிடிக்கிற ஜாதியும் இல்ல. மூக்கு சும்மா மூச்சு விடத்தான். எல்லாம் கண்ணு. அரை மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு காது அசைஞ்சா இதுக்குத் தெரியும்."

"அது என்னைப் பார்க்கிறதே இல்ல," என்றாள் அவள். "என் பின்னால பார்க்குது."

டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதைப் புரட்டிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். "ஜோடியைத் தேடுது, பாவம். இதுங்களை ஒத்தையா வளர்க்க மாட்டாங்க. எப்பவும் ரெண்டுதான். ஒண்ணு விரட்டும், இன்னொண்ணு நிக்கும். விரட்டுறது இருக்கே, அது கடிக்காது. வாயையே திறக்காது. அதோட வேலை முயலைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அவ்வளவுதான். பாவம் அந்த முயல், பின்னாடி வர்றவனையே பார்த்துக்கிட்டு ஓடும். முன்னாடி நிக்கிறவனைப் பார்க்கவே பார்க்காது."

"நிக்கிறது எங்க நிக்கும்?"

"அதுதாம்மா அதிசயம்." அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "அது முயல் பின்னாடி ஓடவே ஓடாது. எங்க போய்ச் சேர்ந்தா தப்பிச்சோம்னு முயல் நினைக்குமோ, அங்க முன்னாலயே போய் நின்னுக்கும். புதரோ, பொந்தோ. எப்படித் தெரியுமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

"ஊசி எது?"

"விரட்டுறது."

"அப்ப நிக்கிறது?"

"நூல். ஊசின்னு ஒண்ணுக்கு வச்சா இன்னொண்ணுக்கு நூல்னுதானே வைக்கணும்? அது போயிருச்சும்மா. கிட்னி. நான்தான் ஊசி போட்டு அனுப்பி வச்சேன்." ஊசி என்றதும் நாயின் காது லேசாகத் திரும்பியது. டாக்டர் அதன் முதுகைத் தடவினார். "உன்னைச் சொல்லலடா. உங்க அண்ணனும் நானும்தான் பின்னறைச் சுவரை ஒட்டிப் புதைச்சோம். குழந்தை மாதிரி அழுதாரு மனுஷன்."

பையை மூடிக்கொண்டு எழுந்தார். சாப்பிடாமல் இருந்தும் எடை குறையவில்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

"ஜோடி செத்ததும் இது வேட்டையை மறந்துடுமா?" என்று அவள் கேட்டாள்.

"மறக்காம? பிடிக்கிறதுக்கு ஆள் இல்லாம யாருக்காக விரட்டும்?"

அவர் போன பிறகு அவள் நெடுநேரம் அடுப்படியில் நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அணைத்தாள். பால் கருகிய வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. நனைந்த நாயின் வாடை. வெளியே பொட்டு மழை இல்லை. ஊசி அடுப்படி வாசலில், காய்ந்த உடம்போடு, குறுக்கே நின்றிருந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அண்ணன் மறுபடி கேட்டார். "எந்த ரூம்?"

"நடு ரூம். ஃபேன் நல்லா ஓடுது."

நர்ஸ் ஊசி போட வந்தபோது அவர் ஊசியைப் பார்க்காமல் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வந்த அன்றிலிருந்து அவள் தெரு ஜன்னலைத் திறக்கவில்லை. முன்னறை நாற்காலியில் உட்காரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் தவிர முன்பக்கம் வருவதே நின்றுபோயிருந்தது. யாரும் தடுக்கவில்லை. நாய் உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. போகிற வழியில் அது குறுக்கே நிற்கும், அவ்வளவுதான். சுற்றிப் போகலாம் என்று தோன்றும். சுற்றினால் ஒரு அடி உள்ளே தள்ளித்தான் போக வேண்டியிருக்கும். நடையில் அவளோடு சேர்ந்து நடக்கும். தொடையில் அதன் தோள் மெத்தென்று படும், கூட்ட நெரிசலில் தெரியாதவர் தோள் படுவதுபோல. கொஞ்சம் ஒதுங்குவாள். திரும்பிப் பார்த்தால் வந்த இடத்தைவிடப் பின்னறைக்குக் கிட்டத்தில் நின்றிருப்பாள்.

அண்ணனுக்குத் துவைத்த சட்டை எடுக்கத்தான் மறுநாள் மதியம் பின்னறைக்குள் போனாள். சிறிய அறை. கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஒரு மரக்கட்டில், துணி அலமாரி. குளிர்ச்சியாக இருந்தது, வெளியே அடிக்கிற வெயிலுக்கு ஒட்டாத குளிர்ச்சி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலுப்பு. ஐந்து நிமிடம் காலை நீட்டலாம் என்று கட்டிலில் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது அறை இருண்டுகிடந்தது. மழை வரும் போலிருந்தது. ஜன்னலில் வானம் ஈயத்தட்டுபோல் தெரிந்தது. மின்சாரம் இல்லை.

ஊசி அறை வாசலில் நின்றது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நாயின் கண்களைப் பார்த்தாள். பழக்கதோஷம், பார்க்காமல் இருக்க முடியவில்லை. மங்கிய வெளிச்சத்திலும் அந்த வெளிர்ப் பழுப்புக் கண்கள் துல்லியமாகத் தெரிந்தன. பாவைகள் விலகி நிற்கவில்லை. முதல் நாளில் பார்த்த தூரம் இல்லை. நெருங்கியிருந்தன. கடையில் படிக்கிற அட்டையை நீட்டினால் கண்கள் எப்படி நெருங்குமோ, ஏறக்குறைய அப்படி.

அவளுக்கும் அவள் பின்னால் இருந்த சுவருக்கும் இடையே ஒரு கை நீளம்தான் இருந்தது.

டிக்.

ஊசியின் கால்களைப் பார்த்தாள். நான்கும் தரையில் ஊன்றி, அசையாமல் இருந்தன.

டிக். டிக்.

சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே வெறும் மண்தான். மண்ணில் நடந்தால் நகச் சத்தம் கேட்காது. இது சிமென்ட் தரையில் கேட்கிற சத்தம். நிதானமாக வந்தது. அவள் முதுகுக்கு நேரே வந்து நின்றது.

எப்படி எழுந்தாள், நாயைத் தாண்டி எப்படி நடைக்கு வந்தாள் என்று பின்னால் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வாசற்கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் செருப்புகூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அண்ணன் அவள் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"பின் ரூமா?"

அவள் தலையசைத்தாள். காய்த்துப்போன கை போர்வையை விட்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த உடம்பில் இவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஊருக்குப் போயிடு. இன்னைக்கே." மூச்சு இழுத்தது. "பையை எடுக்கணும்னா எடு. உடனே கிளம்பு. இங்க வராத."

"உன்னை விட்டுட்டு எப்படி அண்ணே?"

"நான் பார்த்துக்கிறேன். நான் பார்த்துட்டேன்ல... அன்னைக்கு. அது வீட்டுக்குள்ள என்னை நெட்டிக்கிட்டே வந்துச்சு. நானும் திரும்பித் திரும்பி அதையே... கடைசி நேரத்துல முன்னால பார்த்துட்டேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டின புத்தி." இருமல் வந்தது. அடங்கும்வரை அவள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். "பார்த்ததும் துள்ளி விழுந்தேன். அதான் இடுப்பு போச்சு. உயிர் இருக்கு."

"என்ன பார்த்த அண்ணே?"

அவர் வார்டு வாசலைப் பார்த்தார்.

"ஊசி கடிக்காது. குறுக்க நின்னா மிதிச்சுட்டுப் போ. அதைத் திரும்பிப் பார்க்காத, புரியுதா? ரோட்டைப் பாரு. முன்னால பாரு."

மருந்துக்கு இப்படி ஆகும், வயதானவர்கள் பிதற்றுவார்கள் என்று நர்ஸ் வெளியே வைத்துச் சொன்னாள். அவளும் தலையாட்டினாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கணவருக்குப் போன் செய்தாள். மகள் வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாளாம். பின்னால் அவள் கத்துவது கேட்டது. அந்தச் சத்தம் அமுதமாக இருந்தது.

"ராத்திரிக்கு வந்துடுறேன்," என்றாள்.

"என்னாச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

பையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். பணமும் சாவியும் அதில் இருந்தன. அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. திறந்துபோட்ட வாசல் திறந்தபடியே இருந்தது. பை முன்னறையில், முதல் நாள் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஒரு எட்டில் எடுத்துவிடலாம். நாயைக் காணவில்லை. உள்ளே காலை வைத்தாள், குனிந்தாள், பையின் வாரைப் பிடித்தாள்.

நிமிர்ந்தபோது ஊசி வாசலில் நின்றது. மழையில் நனைந்து, தோல் இன்னும் மெலிந்து, எலும்பு எலும்பாக. வழி முழுக்க அடைத்துக்கொண்டு.

முதுகுக்குப் பின்னால் நடை. நடையின் கோடியில், பின்னறைக் கதவு திறக்கும் சத்தம்.

மிதிச்சுட்டுப் போ.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நேராக நடந்தாள். முழங்கால் ஈரமான, சூடான உடம்பில் மோதியது. அது நகரவில்லை, கடிக்கவும் இல்லை. அவள் அதன் முதுகின் மேலாகக் காலைத் தூக்கிப் போட்டுத் தடுமாறி வெளியே விழுந்தாள். உள்ளங்கை உரிந்தது. எழுந்தாள். தெருவில் இருந்தாள். வெளியே வந்துவிட்டாள்.

ஓடினாள்.

மின்சாரம் இன்னும் வரவில்லை. கடைகளில் எமர்ஜென்சி விளக்குகள் எரிந்தன. கூரைகளுக்குக் கீழே ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடுகிற பெண்ணை வேடிக்கை பார்த்தார்கள். மனிதர்களைப் பார்த்ததில் அவளுக்கு உயிர் வந்தது. ஓட்டம் நடையாயிற்று. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்திருக்கக் கூடாது.

தெருவின் நடுவே, ஒரு வீட்டு நீளம் பின்னால், அது வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. தலையைத் தாழ்த்தி, ஒரே கோடாக, நீரில் மிதப்பதுபோல. அவள் நின்றாள். அது நின்றது. அவள் நடந்தாள். நடந்தது. அவள் ஓடினாள். அப்போதும் அந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒவ்வொரு தடவையும், இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே, திரும்பிப் பார்த்தாள்.

தெரு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. இடப்பக்கம் பஸ் ஸ்டாண்டு. இடப்பக்கம் திரும்பத்தான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது நாய் தெருவின் நடுவில் இல்லை. இடது ஓரத்தில், அவளுக்கு மிகக் கிட்டத்தில், பஸ் ஸ்டாண்டு போகிற பாதையை ஒட்டி நின்றது. அந்தத் தெரு இருட்டாக இருந்தது. ஒரு ஆளும் இல்லை. வலப்பக்கம், தூரத்தில், ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியின் ஜன்னல்கள் மட்டும் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

வெளிச்சம். ஆட்கள். அண்ணன்.

அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

கேட். படிகள். கண்ணாடிக் கதவு. அவள் உள்ளே பாய்ந்து கதவைத் தள்ளிச் சாத்தினாள். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"என்னம்மா இது, இப்படி நனைஞ்சு... உங்க நாயா அது? உள்ள விடக் கூடாதும்மா."

"விடாதீங்க," என்றாள். மூச்சு திணறியது. "உள்ள விடாதீங்க."

"அது எங்க வருது? பாருங்க, அது பாட்டுக்கு நிக்குது."

நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மழையில், முகத்தைக் கண்ணாடிக்கு நேரே வைத்துக்கொண்டு. உள்ளே வர முயலவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டெட்டால் வாடை, ட்யூப்லைட்டின் ரீங்காரம், எங்கோ ஒரு தட்டு கீழே விழுந்த சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம். தப்பிச்சோம் என்று நினைத்தாள். அந்தச் சொல்லாகவே நினைத்தாள்.

ஊசி முன்னங்கால்களை நீட்டியது. பின்னங்கால்களை மடித்தது. ஈரப் படியில் படுத்து, நீண்ட தாடையை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டது, நாள் முழுக்க உழைத்துவிட்டு வீடு திரும்பிய கூலியாள்போல. வந்த நாளிலிருந்து அது படுத்து அவள் பார்த்ததில்லை.

கண்களை மட்டும் மூடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளை அல்ல.

அவளுக்குப் பின்னால். கடையில் கண் சோதிக்கிற நாற்காலிக்கும் எழுத்துப் பலகைக்கும் இருக்கிற தூரம். அதைவிடக் கொஞ்சம் கூட. வார்டு வாசலுக்கு உள்ளே. மூன்றாவது கட்டில், அண்ணனின் கட்டில்.

"அம்மா?" என்றார் வாட்ச்மேன். "என்னம்மா?"

டாக்டரின் குரல் காதில் ஓடியது. எங்க போய்ச் சேர்ந்தா. தப்பிச்சோம்னு. இங்க வராத என்றார் அண்ணன். வந்துவிட்டாள். கூட்டி வந்துவிட்டாள்.

திரும்ப வேண்டும். கழுத்து திரும்ப மறுத்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், வெளுத்த, வாய் பிளந்த முகம். அதற்கு அப்பால் நாய். அமைதியான நாய்.

திரும்பினாள்.

வார்டு வெளிச்சமாக இருந்தது. முதல் கட்டிலில் ஒரு கிழவர் சாய்ந்து உட்கார்ந்து ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது கட்டிலில் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். நர்ஸ் மேஜையில் குனிந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது.

"அண்ணே," என்றாள். "அண்ணே."

நர்ஸ் நிமிர்ந்தாள். "நீங்க இங்க இருக்கீங்களா? அப்ப உள்ள யாரு? திரையை நீங்க இழுத்தீங்கன்னுல்ல நினைச்சேன்."

திரை தரைவரை வரவில்லை. துணிக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. கட்டிலின் இரும்புக் கால்கள் தெரிந்தன. தரையில் ஈர மண் இறைந்துகிடந்தது.

அந்த மண்ணில் இன்னும் நான்கு கால்கள் ஊன்றி நின்றன.

மெலிந்தவை. நீளமானவை. காய்ந்த புல்லின் நிறம். நகங்களின் இடுக்கில் மண் அப்பியிருந்தது. கட்டிலில் ஒரு சத்தமும் இல்லை. கால்கள் அசையவில்லை.

விரல்கள் அவள் பக்கம் திரும்பியிருந்தன.